கருத்துச் சொல்லாமல் இறங்கக் கூடாது

எங்கள் கடலோரப் பக்கத்தில் ஏழு பேருக்கு ஒரே விஷயம் பிடித்துப்போனால் போதும், நேராக நீதிமன்றத்துக்குப் போய்ச் சங்கமாகப் பதிந்துகொள்வார்கள். முயல் வளர்ப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. பழைய டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஜனவரி மாதக் கடுங்குளிரில் கடலில் குளிப்பவர்களுக்கு இரண்டு. முதலில் ஒன்றுதான் இருந்தது, தொப்பி போட்டுக்கொண்டு குளிக்கலாமா என்ற கேள்வியில் பிரிந்துவிட்டது. ரோலர் கோஸ்டர் பிடித்தவர்களுக்கும் ஒன்று உண்டு. அதன் முழுப்பெயர் 'வடகடல் மாவட்ட ரோலர் கோஸ்டர் ஆர்வலர் சங்கம், பதிவு பெற்றது'. கடைசி இரண்டு சொற்களை யாராவது விட்டுவிட்டால் அதன் தலைவர் அங்கேயே நின்று திருத்துவார்.

அந்தச் சங்கத்தின் கையில்தான் வோல்கெர்ட் மாட்டிக்கொண்டான். அவன் என்னோடு தரைவிரிப்புக் கடையில் வேலை பார்ப்பவன். திங்கட்கிழமை காலை, கடையில் ஆள் வராத நேரத்தில், ஒரு கம்பளச் சுருளின்மேல் உட்கார்ந்து எனக்கு அவன் சொன்னதைத்தான் இங்கே சொல்கிறேன்.

வோல்கெர்ட் சண்டை போடத் தெரியாதவன். ஹோட்டலில் வேறு யாருடைய சூப்பையாவது கொண்டுவந்து வைத்தாலும் குடித்துவிட்டு நன்றி சொல்வான். அவனுக்கும் கேசாவுக்கும் விவாகரத்து அவ்வளவு சீக்கிரம் முடிந்ததற்கும் அதுதான் காரணம். மகள் இம்கேவுக்கு எட்டு வயது. அம்மாவோடு இருக்கிறாள், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனிக்கிழமை அப்பாவுக்கு.

அந்தச் சனிக்கிழமை ஈஸ்டர் விடுமுறையின் முதல் நாள். மாலை ஐந்து மணிக்குப் பொழுதுபோக்குப் பூங்காவின் வாசலுக்குக் கேசா வருவாள், அங்கிருந்து இம்கேவைக் கூட்டிக்கொண்டு ரயிலேறி, படகேறி, தீவில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்கு விடுமுறை முழுக்கப் போய்விடுவாள் என்று பேச்சு. ஆக வோல்கெர்ட்டுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பிற்பகல். அதில் துடுப்புப் படகு, ஆட்டுக்குத் தீனி போடுவது, சூடான செர்ரிப் பழம் ஊற்றிய வாஃபிள் எல்லாம் இருந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால் 'நீர்நாய்' இருந்தது.

'நீர்நாய்' என்பது பூங்காவில் அன்று திறந்த புதிய குடும்ப ரோலர் கோஸ்டர். பெரிய உயரம் கிடையாது. ஒரு மேடு ஏறி, பிளாஸ்டிக் நீர்நாய்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடி, சிமென்ட் குகைக்குள் வந்து நிற்கும். போன வருடம் ராட்டினக் குதிரைமேல் உட்கார்ந்தே அழுதவள் இம்கே. இந்தக் குளிர்காலத்தில் என்னமோ தீர்மானம் பண்ணிக்கொண்டாள். 'நீர்நாய்ல நான் போறேன். கண்ணைத் தொறந்துக்கிட்டே போறேன்' என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வரிசையில் நின்றார்கள். வண்டியை இயக்குபவள் யூட்டா என்ற நடுவயதுப் பெண். தலையில் நீர்நாய்க் காது வைத்த தொப்பி. அந்தத் தொப்பியை வைத்துக்கொள்ளச் சம்மதித்ததாக அவள் முகத்தில் எந்த அடையாளமும் இல்லை.

"ரெண்டு பேரா? கடைசி வரிசை காலியா இருக்கு. ஏறுங்க."

ஒரு வரிசைக்கு மூன்று இருக்கை. இரண்டு பக்கமும் பெற்றோர், நடுவில் குழந்தை என்று கணக்கு. மூன்று பேர் மடிக்கும் சேர்த்து ஒரே கம்பி. இம்கே நடுவில் உட்கார்ந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் ஒரு இடம் காலியாக இருந்தது. கம்பி இறங்கிப் பூட்டிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் வோல்கெர்ட் முன்னால் பார்த்தான். மற்ற ஏழு வரிசையிலும் பெரியவர்கள். எல்லாரும் ஒரே மாதிரி கறுப்பு டி-ஷர்ட். எல்லாருடைய முதுகிலும் சங்கத்தின் பெயர், பதிவு பெற்றது வரைக்கும், முழுதாக.

வண்டி கிளம்பியது. மேடு ஏறியது. இறங்கியது. ஒருவரும் கத்தவில்லை. சிலர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். சிலர் உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து, மழை தூறுகிறதா என்று பார்ப்பதுபோல் வைத்திருந்தார்கள். ஒருவர் பக்கத்து ஆளிடம் மெதுவாகத் தலையாட்டினார். அந்த ஆள் வருத்தத்தோடு தலையை எதிர்ப்பக்கம் ஆட்டினார். இரண்டாவது மேட்டில் இம்கே வாய்விட்டுக் கத்தினாள். பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். முன் வரிசைப் பெண்மணி திரும்பினாள்.

"பாப்பா, கத்தாதம்மா. நாங்க கேட்டுக்கிட்டு இருக்கோம்."

"என்ன கேக்கறீங்க?"

"சக்கரத்தை."

அந்தப் பெண்மணியின் பெயர் ஸ்வாண்ட்யே. சங்கத்தின் துணைத்தலைவி.

வண்டி குகைக்குள் வந்து நின்றது. வோல்கெர்ட் கம்பியைத் தூக்கப் பார்த்தான். வரவில்லை. மேடையில் பூங்காவின் பார்வையாளர் அனுபவத் துறை மேலாளர் மைக்கோடு நின்றுகொண்டிருந்தார்.

"அன்பான ஆர்வலர்களே, 'நீர்நாய்' பத்தி உங்க நேர்மையான கருத்து எங்களுக்கு வேணும். எவ்வளவு கடுமையா இருந்தாலும் பரவாயில்ல. போஸ்டர்ல போட இடம் விட்டு வச்சிருக்கோம். ரெண்டு வரி. நட்சத்திரம் மட்டும் ஏற்கெனவே அச்சாயிடுச்சு, நாலரை. கருத்து அதுக்குக் கொஞ்சம் ஒத்துப்போற மாதிரி இருந்தா நல்லது. நேர்மைக்கு எந்தத் தடையும் இல்ல."

எல்லாரும் கைதட்டினார்கள். மேலாளர் மைக்கை முதல் வரிசையில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவர்தான் தலைவர் ஓட்ஃப்ரீட் கிளாசன். எடை அளவுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மதுக்கடைகளில் பீர்க் கோப்பையின் கோடு சரியான உயரத்தில் இருக்கிறதா என்று வாழ்நாள் முழுக்கச் சோதித்தவர். கோடுவரைக்கும் நிரம்பாத எதையும் அவரால் தாங்க முடியாது.

"நண்பர்களே," என்றார், கம்பி அனுமதித்த அளவுக்கு எழுந்து. "நம்ம விதிப்படி கருத்துக் கேட்கும் சபை இப்ப தொடங்குது. கருத்துச் சொல்லாம யாரும் இறங்கக் கூடாது. ஏன்? இறங்கினா பேசுவோம். பேசினா மத்தவங்க கருத்து நம்ம கருத்துல கலந்துடும். அப்புறம் நமக்கு என்ன தோணுச்சுன்னு நமக்கே தெரியாது. போன வருஷம் கார்ல திரும்பி வரும்போது ஒரு உறுப்பினர் மனசு மாறினார். அவர் இப்ப சங்கத்துல இல்ல."

வோல்கெர்ட் யூட்டாவைப் பார்த்துக் கையை உயர்த்தினான்.

"நாங்க இவங்க ஆளுங்க இல்ல. இறங்கிக்கலாமா?"

"ஒப்பந்தம் இருக்கு சார்," என்றாள் யூட்டா. "சபை முடிஞ்சுதுன்னு அவர் சொன்னாத்தான் நான் திறக்கலாம். நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல."

"அப்ப காத்திருங்க."

வேறு யாராவதாக இருந்தால் நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லியிருப்பார்கள். வோல்கெர்ட் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தான்.

கருத்துகள் முதல் வரிசையிலிருந்து வர ஆரம்பித்தன. முதல் இறக்கத்தில் ஒரு தயக்கம் இருக்கிறது, ஆனால் அது நேர்மையான தயக்கமா, வேண்டுமென்றே செய்த தயக்கமா என்று தெரியவில்லை என்றார் ஒருவர். அதற்கு இரண்டு பேர் மறுப்புச் சொன்னார்கள். மூன்றாவது நீர்நாய் வலதுபக்கம் பார்க்கிறது, அந்த இடத்தில் தண்டவாளம் இடதுபக்கம் திரும்புகிறது, ஆகவே பயணி கதையிலிருந்து வெளியே தள்ளப்படுகிறார் என்றார் இன்னொருவர். என்ன கதை என்று யாரும் கேட்கவில்லை. ஒரு வயதானவர், டென்மார்க்கில் இடிக்கப்பட்டுவிட்ட ஏதோ ஒரு ரோலர் கோஸ்டரின் பெயரைச் சொன்னார். அதில் போகாதவர்கள் வளைவைப் பற்றியே வாய் திறக்கக் கூடாது என்றார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். அவரும் அதில் போனதில்லை.

ஆனால் உண்மையான பிரச்சினை இடது வளைவுதான். அங்கே வண்டி அதிர்கிறதா, அதிரவில்லையா என்பதில் சங்கம் இரண்டாக நின்றது. அதிரவில்லை, வெண்ணெய் மாதிரி போகிறது, அதுதான் பெருமை என்பது தலைவர் கட்சி. அதிர்கிறது, அந்த அதிர்வுதான் வண்டியின் ஆத்மா, அதிரவில்லை என்பவர்களுக்கு முதுகெலும்பு கிடையாது என்பது ஸ்வாண்ட்யே கட்சி.

"அப்பா, வாஃபிள்?" என்றாள் இம்கே.

"இதோ முடிஞ்சுடும்மா."

துடுப்புப் படகு நேரம் போய்விட்டது. ஆடுகளுக்கு வேறு யாரோ தீனி போட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஒருவழியாக, "கடைசி வரிசை," என்றார் ஓட்ஃப்ரீட். "உங்க உறுப்பினர் எண்?"

"நாங்க சங்கம் இல்ல சார். சும்மா வந்தோம்."

"சும்மான்னா?"

"சும்மாதான். பொண்ணு ஆசைப்பட்டா."

வண்டியில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. ஸ்வாண்ட்யே, நாணலுக்குள் அபூர்வப் பறவையைக் கண்டவள்போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தலைவரே, இது குடும்பம்."

சங்கத்தில் ஒரு விதி இருந்தது. குடும்ப ரோலர் கோஸ்டரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும்போது வண்டியில் ஒரு குடும்பம் இருந்தால் அதன் கருத்தையும் பதிய வேண்டும், பதியாமல் சபையை முடிக்கக் கூடாது. சங்கம் தொடங்கிய நாள்முதல் அந்த விதி பயன்பட்டதே இல்லை. அவர்கள் போகிற வண்டிகளில் குடும்பம் எதுவும் இருந்ததில்லை.

"சொல்லுங்க," என்றார் ஓட்ஃப்ரீட் மரியாதையாக. மைக் கைமாறிக் கைமாறிப் பின்னால் வந்தது. "உங்க கருத்து."

"நல்லா இருந்துச்சு," என்றான் வோல்கெர்ட்.

காத்திருந்தார்கள். அவனும் காத்திருந்தான்.

"நல்லா இருந்துச்சுங்கிறது கருத்து இல்ல சார்," என்றார் ஓட்ஃப்ரீட். "அது ஒரு மனநிலை. மனநிலையை நாங்க பதியறது இல்ல. இப்படிக் கேக்கறேன். ரெண்டாவது மேட்டுல இருக்கையை விட்டு எழும்பினீங்களா?"

"தெரியல சார். பொண்ணு கையைப் பிடிச்சிருந்தேன்."

"கையைப் பிடிச்சிருந்தீங்களா?" தலைவர் மற்றவர்களைப் பார்த்தார். "ஓட்டத்துக்கு நடுவுல?"

"ஆமா. அவளுக்கு முதல் தடவை."

"அப்படின்னா உங்களுக்குக் கிடைச்ச எழும்பல் முழுசா உங்களோடது இல்ல. குழந்தையோட எழும்பலும் அதுல கலந்திருக்கு. பிரிச்சுச் சொல்ல முடியுமா?"

வோல்கெர்ட் யோசித்தான். உண்மையிலேயே யோசித்தான் என்று என்னிடம் சொன்னான். அவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்ததில், அதற்கு ஒரு விடை இருக்கத்தான் வேண்டும், தனக்குத்தான் தெரியவில்லை என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது.

"முடியல சார்."

அப்போதுதான் ஓட்ஃப்ரீட் காலியாக இருந்த மூன்றாவது இருக்கையைப் பார்த்தார்.

"குழந்தையோட அம்மா ஏறலையா?"

"நாங்க சேர்ந்து இல்ல சார். பிரிஞ்சுட்டோம்."

"அடடா," என்றார் ஓட்ஃப்ரீட். அந்த 'அடடா' வோல்கெர்ட்டுக்காக இல்லை, விதிக்காக. "அப்ப இது குடும்பமா?"

அடுத்து நடந்ததை வோல்கெர்ட் என்னிடம் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ஒரு அப்பாவும் மகளும் மட்டும் குடும்பம் ஆவார்களா என்று இருபத்தொரு பேர் விவாதித்தார்கள். யாரும் கெட்ட மனசோடு பேசவில்லை. எல்லாரும் அக்கறையாகத்தான் பேசினார்கள். இருக்கைக் கணக்கில் மூன்றுக்கு இரண்டு நிரம்பியிருக்கிறது, அது பாதிக்கு மேல் என்றார் ஒருவர். ஓட்டத்தின்போது எடை ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும், அதனால் கருத்தும் சாய்ந்திருக்கும் என்றார் இன்னொருவர். இவர்களை ஏற்றுக்கொண்டால் நாளைக்கு நாயோடு வருபவனும் குடும்பம் என்பான் என்றார் முன்பு கண்ணைத் துடைத்துக்கொண்ட டென்மார்க்காரர்.

"தனிப்பட்ட முறையில எனக்கு உங்கமேல ரொம்ப மரியாதை," என்றார் ஓட்ஃப்ரீட் வோல்கெர்ட்டிடம். "ஆனா நான் முப்பது வருஷம் கோப்பை பாத்தவன். கோட்டுக்குக் கீழ இருந்தா கீழன்னுதான் சொல்லணும். வாக்கெடுப்பு."

கைகள் உயர்ந்தன. பதினொரு பேர் குடும்பம்தான் என்றார்கள். எட்டுப் பேர் இல்லை என்றார்கள். இரண்டு பேர் கருத்துச் சொல்லவில்லை. அது எப்படி அனுமதிக்கப்பட்டது என்று தெரியவில்லை. பெரும்பான்மை கிடைத்தாலும் எதிர்ப்பு கணிசமாக இருந்ததால், சமரசமாக, 'பகுதிக் குடும்பம்' என்று பதிந்துகொள்வதாகத் தலைவர் அறிவித்தார்.

"அப்பா, நாம பாஸா?" என்றாள் இம்கே.

"பாஸ்தாம்மா."

"அப்ப எட்டு பேர் ஏன் இல்லைன்னாங்க?"

"அவங்களுக்கு நம்மளத் தெரியாது."

வோல்கெர்ட் இரண்டு கையாலும் கம்பியை மேலே தள்ளினான். கை வெளுக்கும்வரை தள்ளினான். அவன் எதையும் அப்படித் தள்ளி நான் பார்த்ததில்லை. கம்பளச் சுருளைக்கூட மெதுவாகத்தான் உருட்டுவான். கம்பி அசையவில்லை. முன் வரிசையில் ஸ்வாண்ட்யே, "அந்தக் கம்பி நல்ல கம்பி. அதைப் பத்தி மட்டும் எங்களுக்குள்ள கருத்து வேறுபாடே இல்ல," என்றாள்.

போன் அடித்தது. கேசா.

"வாசல்ல நிக்கறேன். எங்க இருக்கீங்க?"

"குகைக்குள்ள. 'நீர்நாய்'ல."

"வரிசையிலயா?"

"வண்டியில. இறங்க விட மாட்டேங்கறாங்க. கருத்துக் கேக்கறாங்க."

"சொல்லிட்டு இறங்கு."

"சொன்னேன். பத்தலையாம்."

"பத்தலையாமா?" என்றாள் கேசா. கல்யாணமான காலத்திலிருந்தே அவனைப் பற்றி அவளுக்கு இருந்த அபிப்பிராயம் அந்த ஒரு சொல்லில் முழுதாக இருந்தது.

"வர்றேன்," என்றாள்.

கேசா நாய்களுக்குப் பயிற்சி கொடுப்பவள். குரலை உயர்த்தவே மாட்டாள். உயர்த்த வேண்டிய தேவை அவளுக்கு வந்ததில்லை. பயணப்பையை முதுகில் போட்டுக்கொண்டு மேடைக்கு வந்து நின்றாள். முன்னால் இருந்த இருபத்தொரு கறுப்பு டி-ஷர்ட்டையும் கடைசி வரிசையில் கம்பிக்குப் பின்னால் இருந்த இரண்டு பேரையும் பார்த்தாள்.

"மேடம்," என்றார் ஓட்ஃப்ரீட், "நீங்க இந்தக் குழந்தையோட அம்மாவா?"

"ஆமா."

வண்டி முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. இருபத்தொரு பேரும் ஒரே விஷயத்துக்குச் சந்தோஷப்பட்டது அன்று அதுதான் முதல் தடவை.

"அப்ப குடும்பம் முழுசாயிடுச்சு. தயவுசெஞ்சு உக்காருங்க. முழுக் குடும்பமா இன்னொரு ஓட்டம், அப்புறம் கருத்து, அப்புறம் சபை முடிஞ்சுது. இதுக்கு முன்னாடி பதிஞ்ச பகுதிக் குடும்பத்தை ரத்து பண்ணிடலாம்."

"நாங்க குடும்பம் இல்ல. பிரிஞ்சுட்டோம்."

"அது உங்க சொந்த விஷயம் மேடம். எங்களுக்கு இருக்கை நிரம்பினாப் போதும்."

"எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு. கம்பியைத் திறங்க," என்று கேசா யூட்டாவிடம் சொன்னாள்.

"நீங்க ஏறணும்னா கடைசி வரிசையை மட்டும் திறக்கலாம். ஏறுறவங்களுக்குத் திறக்க அனுமதி உண்டு," என்றாள் யூட்டா. பொத்தானை அழுத்தினாள். கம்பி எழுந்தது.

வோல்கெர்ட்டின் மடியில் எதுவும் இல்லை. எழுந்து நான்கு எட்டு வைத்தால் வெளியே போய்விடலாம். எழுந்தும் விட்டான். இம்கே எழவில்லை.

"அம்மா," என்றாள். "நான் கண்ணைத் தொறந்துக்கிட்டே போனேன்."

"அப்படியாடி கண்ணு?"

"நீ பாக்கவே இல்ல. ஒரே ஒரு தடவை வா. நான் காட்டறேன்."

கேசா வோல்கெர்ட்டைப் பார்த்தாள். அவன் என்ன செய்வான், அவன் தரைவிரிப்பு விற்பவன். கீழே பார்த்தான். கேசா காலி இருக்கையில் உட்கார்ந்து, பையைக் கழற்றிக் காலடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒரே தடவை. அப்புறம் ஓடணும்."

அவனும் உட்கார்ந்தான். கம்பி மூன்று மடிமேலும் இறங்கியது.

இரண்டாவது ஓட்டத்தில் கத்தியது கேசா. முதல் இறக்கத்திலேயே, நாய்கள் கேட்டிருந்தால் ஓடிப்போயிருக்கும், அப்படி ஒரு கத்தல். ஸ்வாண்ட்யே திரும்பி உதட்டில் விரல் வைத்தாள். கேசா அவளைப் பார்த்தாள், பார்த்தது மட்டும்தான். ஸ்வாண்ட்யே முன்னால் திரும்பிக்கொண்டாள், ஓட்டம் முடியும்வரை தலையைத் திருப்பவில்லை. இம்கே இரண்டு பக்கமும் மாறி மாறிக் கண்ணை அகலத் திறந்து காட்டினாள். வோல்கெர்ட் சிரித்தான். சிரிப்பு வந்ததே தனக்குத் தெரியாது, குகைக்குள் வந்து நின்ற பிறகும் அது வாயில் இருந்தது என்றான்.

"முழுக் குடும்பத்தின் கருத்து," என்றார் ஓட்ஃப்ரீட். "மேடம், சுருக்கமா."

"இடது வளைவுல முழங்கால் இடிச்சுது," என்றாள் கேசா. "போதுமா?"

வண்டியின் பாதி எழுந்து கைதட்டியது, கம்பி விட்டவரைக்கும்.

"கேட்டீங்களா?" என்றாள் ஸ்வாண்ட்யே. "குடும்பமே சொல்லிடுச்சு. அதிருது."

"அமைதி," என்றார் ஓட்ஃப்ரீட். "சார், நீங்க சொல்லுங்க. உங்களுக்கு அதிர்ந்துச்சா?"

வோல்கெர்ட் பொய் சொல்லத் தெரியாதவன். "எனக்கு ஒண்ணும் தெரியல சார். வழவழன்னுதான் போச்சு."

மற்றப் பாதி கைதட்டியது. அதற்கப்புறம் சபையில் யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை. ஸ்வாண்ட்யே, இனி இந்தச் சங்கத்தில் அதிர்வை நேசிப்பவர்களுக்கு இடமில்லை என்றும், தாங்கள் தனியாகப் பதிந்துகொள்ளப் போவதாகவும் அறிவித்தாள். எத்தனை பேர் என்று எண்ணினார்கள். ஏழுக்கு மேலேயே இருந்தார்கள். சங்கத்தின் பெயர் யாருக்கு, கொடி யாருக்கு, வருடாந்தர வறுத்த மீன் விருந்து யாருக்கு என்று கேள்விகள் எழுந்தன.

"குடும்பம் யாருக்கு?" என்று டென்மார்க்காரர் கேட்டார்.

அது நல்ல கேள்வி என்று எல்லாருக்கும் பட்டது. ஒரு குடும்பம், ஒரே ஓட்டம், இரண்டு கருத்து. இதை இப்படியே பதிய முடியாது. ஓட்ஃப்ரீட் மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் குரலை மிகவும் இனிமையாக்கிக்கொண்டார்.

"பாப்பா. நடுவுல உக்காந்திருக்கிறது நீதான். உனக்குத்தான் சரியாத் தெரியும். நீ சொல்றதை ரெண்டு தரப்பும் ஏத்துக்கறோம். நீ அப்பா பக்கமா, அம்மா பக்கமா?"

வோல்கெர்ட்டும் கேசாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால், விவாகரத்தின்போது, ஊர் அலுவலகத்தில், மூலையில் பொம்மைப்பெட்டி வைத்த ஓர் அறையில், ஒரு பெண்மணி இம்கேவிடம் இதே கேள்வியை இதே இனிமையோடு கேட்டிருக்கிறாள். அன்றைக்கு இவர்கள் இரண்டு பேரும் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இம்கே பதில் சொல்லவில்லை, ஒரு படம் வரைந்தாள் என்று பிறகு சொன்னார்கள். என்ன படம் என்று சொல்லவில்லை.

"அவ பதில் சொல்ல வேண்டியதில்ல," என்றான் வோல்கெர்ட். மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது. ஹோட்டலில் சூப்பைத் திருப்பி அனுப்பும் குரல் அது. கேசா அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

இம்கே தலைவரைப் பார்த்தாள்.

"பதில் சொன்னா கம்பியைத் திறந்துடுவீங்களா?"

"உடனே திறந்துடுவோம்."

"எல்லாரும் போயிடலாமா?"

"போயிடலாம். அப்பா அந்தப் பக்கம் போகலாம், நீயும் அம்மாவும் ரயிலுக்குப் போகலாம்."

"சொல்லாட்டி?"

"சொல்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான், பாப்பா. எல்லாரும். இப்படியே."

இம்கே யோசித்தாள். இடதுபக்கம் பார்த்தாள், வலதுபக்கம் பார்த்தாள். பிறகு கம்பியின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

"அப்ப நான் சொல்லல."

கேசா போனை எடுத்து நேரத்தைப் பார்த்தாள். ரயில் போயிருந்தது. அன்றைக்கு அதற்கப்புறம் தீவுக்குப் படகு கிடையாது. போனைத் திரும்பப் பைக்குள் போட்டாள். அக்காவுக்குக் கூப்பிடவில்லை.

ஓட்ஃப்ரீட் தொண்டையைச் செருமினார். சாட்சியின் கடமைகள் பற்றி ஒரு உரை தொடங்கினார். கருத்துச் சுதந்திரம் என்பது கருத்துச் சொல்லும் சுதந்திரம்தானே தவிர, சொல்லாமல் இருக்கும் சுதந்திரம் ஆகாது என்றார். ஒரு குழந்தை இன்றைக்கு வளைவைப் பற்றிக் கருத்தில்லாமல் இருந்தால் நாளைக்கு நாட்டைப் பற்றியும் கருத்தில்லாமல் இருக்கும் என்றார். அங்கிருந்து கோப்பைகளுக்குப் போனார். அவர் பேசிக்கொண்டிருக்கையில் கேசா பையைத் திறந்து, ரயிலில் சாப்பிடக் கட்டிவைத்திருந்த கறுப்பு ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் எடுத்தாள். ரொட்டியை இரண்டாகப் பிய்த்தாள். கையில் இருந்ததைப் பார்த்தாள். ஒரு பாதியை மறுபடி பிய்த்து வோல்கெர்ட்டிடம் நீட்டினாள்.

"மதியம் ஏதாவது சாப்பிட்டியா?"

"இல்ல. வாஃபிள் சாப்பிடலாம்னு இருந்தோம்."

"உனக்கு வாஃபிள் ஒத்துக்காதே."

"அவளுக்காக."

அப்போது யூட்டா நீர்நாய்க் காதுத் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அவளுடைய ஷிஃப்ட் முடிந்திருந்தது. எங்கள் நாட்டில் பதிவு பெற்ற சங்கங்களுக்கும் மேலான சட்டம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். தலைவர்கூட எதிர்த்துப் பேச வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். யூட்டா பெரிய பொத்தானை அழுத்தினாள். எட்டு வரிசையிலும் கம்பிகள் ஒன்றாக எழுந்தன.

"போகலாம்," என்றாள். "அஞ்சு நிமிஷத்துல விளக்கை அணைக்கணும்."

சங்கத்தினர் ஒருவரும் எழவில்லை. சபை முறைப்படி முடியவில்லை. எழுந்தால் கருத்து கெட்டுவிடும். மைக்கை எந்தக் கையில் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஓட்ஃப்ரீட் உட்கார்ந்திருந்தார். அவர் உரையும் அறுந்துபோயிருந்தது.

கடைசி வரிசையிலும் யாரும் எழவில்லை. கேசா ரொட்டியை மென்றுகொண்டிருந்தாள். இம்கே, கம்பி இல்லாத மடியில் கையை வைத்தபடி, அப்பாவைப் பார்க்காமல் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சைப் பிடித்திருந்தாள் என்று வோல்கெர்ட்டுக்குத் தெரிந்தது. தோள் அவன்மேல் பட்டுக்கொண்டிருந்தது.

வோல்கெர்ட் கையை உயர்த்தினான்.

"தலைவரே, ஒரு சந்தேகம். அந்த இடது வளைவைப் பத்தி நீங்க சொன்னது எனக்குச் சரியாப் புரியல. முதல்லேர்ந்து கொஞ்சம் விளக்கமாச் சொல்ல முடியுமா?"